வாப்பா பார்த்த ஆறு பேர் படம்

போன வாரம் தஞ்சாவூரில் அந்தப் புதுப் படத்துக்குப் போய்வந்தேன். வீரர்கள் கூட்டமாகச் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிற படம். நம் வயதுக்காரர்கள் யாரும் நாமாகப் போய் மாட்டிக்கொள்ள மாட்டோம், பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. என்னை இழுத்துப் போனவன் என் மகன். படம் முழுக்கச் சத்தம். எனக்குப் பாதி புரியவில்லை, மீதி காதில் விழவில்லை. ஆனால் படத்தைவிடப் படம் பார்க்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் நன்றாகவே போனது.

எனக்கு முன் வரிசையில் ஒரு பையன். கல்லூரியில் படிப்பவனாக இருக்கும், தாடியும் மீசையுமாக இருந்தான். திரையில் ஒரு வீரன் செத்ததும் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பக்கத்திலிருந்த நண்பன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. இன்னொரு வீரன் கடைசி நேரத்தில் வந்து இறங்கியபோது கிழித்த காகிதம் மழையாகக் கொட்டி, சாயம் பூசிய என் தலையில் ஒட்டிக்கொண்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் இன்னொரு துண்டுக் காட்சி வருமாம்.

வெளியே வந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கதையை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்களாம், சொல்லிவிட்டால் பெரிய பாவமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கதையை முதலில் சொல்கிறவர்தானே தெருவுக்கு ராஜா? கேட்பவர்கள் மிட்டாய் கொடுத்தல்லவா கேட்டார்கள்? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு முத்துப்பேட்டையில் கழிந்த ஒரு கோடை விடுமுறைதான் ஞாபகத்தில் ஓடியது. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் தெருவில் பகலில் நடந்தால் பெரிய ஆண்களைப் பார்ப்பது அபூர்வம். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். என் வாப்பா சவூதியில், காய்கறி வைக்கிற குளிர்க் கிடங்கு ஒன்றில். எதிர்வீட்டுப் பையனின் வாப்பா துபாயில். என் வகுப்புத் தோழி விவசாயக் குடும்பம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுடைய அப்பா நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு சிங்கப்பூர் போயிருந்தார். ஆக, எங்கள் மூன்று பேருக்கும் அப்பா என்பவர் பெரும்பாலும் போனில் வருகிற குரல்தான்.

அந்த வருடம்தான் ஆறு பேர் படம் வந்தது. அதற்குத் தமிழில் ஏதோ நீளமாகப் பெயர் வைத்திருந்தார்கள், நாங்கள் ஆறு பேர் படம் என்றுதான் சொல்வோம். படம் வருவதற்கு முன்பே சூயிங்கம் காகிதத்துக்குள் அந்த ஆறு பேரின் ஸ்டிக்கர்கள் வந்துவிட்டன. இடிக்காரி, நிழல்காரன், காற்றை ஊதுகிறவன், இரட்டையர் இரண்டு பேர், அப்புறம் சுமைக்காரர். எல்லாம் நாங்களாக வைத்த பெயர்கள்தான். மற்ற ஐந்து பேரும் முகமூடி போட்டிருப்பார்கள். சுமைக்காரர் மட்டும் போடமாட்டார். அடர்த்தியான மீசை, தூக்கக் கலக்கமான கண், எதை வேண்டுமானாலும் தோளில் தூக்கிவிடுவார். தோழிக்கு இரட்டையர், எதிர்வீட்டுப் பையனுக்கு இடிக்காரி. நான் சுமைக்காரரை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் போட்டியே இல்லை, வேறு யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஜாமெட்ரி பாக்ஸின் உள்மூடியில் அவரை ஒட்டி வைத்திருந்தேன். அந்த பாக்ஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இப்போதுபோல உலகம் முழுக்க ஒரே நாளில் படம் வருகிற காலமில்லை அது. துபாயிலும் சிங்கப்பூரிலும் முதலில் வரும். தமிழ் பேச வைத்து, பெட்டி சென்னைக்கு வந்து, அங்கே ஓடித் தேய்ந்து, கடைசியில் திருத்துறைப்பூண்டி தியேட்டருக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்குச் சட்டை சின்னதாகிவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருக்கிற அப்பாக்கள் படத்தைப் பார்த்துவிட்டு லீவு நாளில் போன் பண்ணிக் கதை சொல்வார்கள். கேட்ட பிள்ளை அதை அப்படியே தெருவுக்குச் சொல்லும்.

துபாய்க் கதை முதலில் வந்தது. அதில் இடிக்காரிதான் வில்லனைக் கொன்றாள். இரண்டு நாள் கழித்து சிங்கப்பூர்க் கதை வந்தது. அதில் இடிக்காரி பாதியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், வில்லனைக் கொன்றது இரட்டையர். எதிர்வீட்டுப் பையனும் தோழியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கடைசியில் நாங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நாட்டுக்கு நாடு வேறு வேறு படம் எடுத்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டிக்கு துபாய்ப் படம் வருமா சிங்கப்பூர்ப் படம் வருமா என்பதுதான் அடுத்த கவலை. பாவம் அந்த மனிதர்கள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, தெரியாத பாஷையில் படத்தைப் பார்த்து, நடுவில் தூங்கி, முழித்த இடத்திலிருந்து தங்கள் பிள்ளைக்குப் பிடித்த ஆளை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். இப்போது புரிகிறது.

எனக்கு மட்டும் கதை வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் போன் வரும். வாப்பா அங்கே ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். பூ வேலை செய்த துணி போர்த்திய போன் அது, காதில் வைத்தால் உம்மாவின் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். நாம் பேசுவது ஒருமுறை நமக்கே திரும்பிக் கேட்கும், அப்புறம்தான் பதில் வரும். என்னிடம் வாப்பா கேட்பது மூன்றே கேள்விகள். படிக்கிறியா, ஓதுறியா, உம்மா பேச்சக் கேக்குறியா. மூன்றுக்கும் ஆமா என்பேன். சரி, உம்மாகிட்ட குடு என்பார். என் வாப்பாவோடு எனக்கு இருந்த பேச்சு மொத்தமும் அதுதான். மூன்று ஆமா.

அந்த வெள்ளிக்கிழமை உம்மா கை நீட்டுவதற்குள் நான் கேட்டுவிட்டேன், வாப்பா நீங்களும் ஆறு பேர் படம் பார்த்தீர்களா என்று. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பாத்தேனே" என்றார் வாப்பா.

உனக்கு யாரப் புடிக்கும் என்று கேட்டார், மீசை வைத்த சுமைக்காரரை என்றேன், அப்படி ஆரம்பித்த கதைதான். அவர் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை, வாரம் ஒரு பகுதியாகச் சொன்னார். முதல் வாரம் சுமைக்காரர் கவிழப்போன கப்பலைத் தோளில் தாங்கிக் கரை சேர்த்தார். இரண்டாவது வாரம் உடைந்த பாலத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, ரயில் போகிற வரை நின்றார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாப்பா அவருக்குக் கை காட்டியதாம், இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்ததால் அவரால் திருப்பிக் காட்ட முடியவில்லையாம். சண்டை முடிந்ததும் மற்ற ஐந்து பேரும் பறந்து போய்விட, சுமைக்காரர் மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். உடுப்பைக் கழற்றிக் கொடியில் போடுவார். கைலியைக் கட்டிக்கொண்டு டீ குடிப்பார். அவர் வீட்டம்மா அன்றைக்கு என்ன சமைத்தாள் என்பதுகூட வாப்பாவின் கதையில் வரும்.

நான் தெருவில் போய்ச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிறவன் கைலி கட்டுவானா என்றான் எதிர்வீட்டுப் பையன். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை போன் வைத்த சத்தம் கேட்டதுமே முதலில் வாசலில் வந்து நிற்பவன் அவன்தான். சாலையில் உளுந்து காயப்போட்டிருக்கும். அந்த உளுந்துத் தூசு மூக்கில் ஏற, எல்லோரும் ஓரமாக உட்கார்ந்து சவூதிப் படம் கேட்பார்கள். துபாயும் சிங்கப்பூரும் பழைய கதையாகிவிட்டன. எனக்குத் தலை கால் புரியவில்லை.

உம்மாவுக்குத்தான் எரிச்சல். அவள் பேசவேண்டியதை மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், நாங்கள் இருவரும் கப்பலும் பாலமுமாகப் பேசிக்கொண்டிருப்போம். புள்ளயக் கெடுக்குறீங்க என்று போனுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். எனக்குப் படப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் கடைசி வரை நினைத்தாள். படமா பெரிசு? என் வாப்பா என்னிடம் பேசுகிறார், மூச்சு வாங்கப் பேசுகிறார், நடுவில் சிரிக்கிறார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

ஒருநாள் தெருமுனையில் கூல் டிரிங்க்ஸ் கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டார். அவர் பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, எந்த ஊருப் படம்மா இது என்று கேட்டார். நான் பெருமையாக, சவூதியில் என் வாப்பா பார்த்தது என்றேன்.

"சவூதியில ஏதும்மா தியேட்டரு? நாடு முழுக்கத் தேடுனாலும் ஒண்ணு கெடயாதே" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உப்புக்கு விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தார்.

எதிர்வீட்டுப் பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தோழி மட்டும், டிவியில பாத்திருப்பாங்க என்று எனக்காக வாதாடினாள். நான் வீட்டுக்கு வந்து உம்மாவின் தம்பியைக் கேட்டேன். மாமா அப்போது விசாவுக்குக் காத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் தலையைச் சொறிந்தார். அதெல்லாம் பெரிய ஊருகள்ல எங்கயாச்சும் இருக்கும் என்றார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருப் பிள்ளைகள் கேலி செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் அவர்களைக் கேலி செய்தவள்தான். பயமெல்லாம் வேறு. வாப்பாவிடம் கேட்டுவிட்டால் அவருக்கு அவமானமாகிவிடும். அவமானமானால் கதையை நிறுத்திவிடுவார். கதை நின்றால் பழையபடி படிக்கிறியா, ஓதுறியா. அதை நினைத்தாலே அழுகை வந்தது. போன் வந்தது. நான் எதையும் கேட்கவில்லை. வாப்பா அந்த வாரம் அணையைப் பற்றிச் சொன்னார். வில்லன் பெரிய அணை ஒன்றை உடைக்கப்போகிறான், சுமைக்காரர் அதைத் தாங்கப்போகிறார் என்றார். ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் அணைப் படம் போட்டிருந்தது எனக்கும் தெரியும்.

"அவருக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதும்மா. மிச்சத்த அப்புறம் சொல்றேன்" என்றார்.

மிச்சம் வருவதற்குள் படமே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து சில நாளில், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே, திருத்துறைப்பூண்டி தியேட்டருக்கு. மேட்டூர் அணை திறக்கிற நாள் கடந்தும் தண்ணீர் வராத வருடம் அது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது, குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்று தோழியின் வீட்டில் தினமும் பேச்சு. மாமா உம்மாவிடம் மன்றாடி, என்னையும் தோழியையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கத்து பெஞ்சில் மல்லிகையும் வியர்வையும் சமோசாவும் கலந்த வாசம். ஆறு பேரும் மெட்ராஸ் பாஷையில் பேசினார்கள். இடிக்காரி வாயைத் திறந்தாலே சிரிப்பு. இடைவேளையில் கரண்டு போய், ஜெனரேட்டர் போட்டு, படம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் அணை வந்தது.

வில்லன் வெடி வைக்கிறான். சுவர் விரிசல் விடுகிறது. உள்ளே தண்ணீர், கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். இந்த இடத்தில் உலகத்தில் வேறு எங்கேயும் நடந்திருக்காத ஒன்று திருத்துறைப்பூண்டியில் நடந்தது. விரிசலிலிருந்து முதல் தண்ணீர் பீறிட்டதும் தியேட்டரே விசிலடித்துக் கை தட்டியது. சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள். சுமைக்காரர் ஓடிவந்து முதுகைக் கொடுத்து அணையைத் தாங்குகிறார், இங்கே அவரைத் திட்டுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நின்று, "டேய், அத விடுடா, ஊருக்குத் தண்ணி வரட்டும்" என்று கத்தினார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். தோழியும் சிரித்தாள். அவள் வீட்டு வயலுக்கும்தானே தண்ணீர் வரவில்லை. வில்லனுக்கு அவ்வளவு கைதட்டல் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

நான் மட்டும் சுமைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கால் சேற்றில் புதைந்துகொண்டே போனது. கீழே ஊர் காலியாகிற வரை நின்றார். அப்புறம் தண்ணீர் அவர் மேல் இறங்கியது. மற்ற ஐந்து பேரும் வந்து, தேடி, அவருடைய உடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். விசில் சத்தம் தானாக அடங்கியது. கத்திய பெரியவர் உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விளக்கு போட்டார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் படம் இருக்கிறது, சேற்றிலிருந்து எழுந்து அவர் பஸ் பிடிப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். பெருக்குகிறவர் வந்து பெஞ்சைத் தட்டினார். அப்போதுதான் அழுதேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் அழுதேன். மாமா பதறிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார், அது வெறும் படம்மா, அந்த ஆள் நல்லாத்தான் இருக்காரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம், புள்ள பயந்துட்டா, இனிமே படத்துக்கு அனுப்பாதீங்க என்று சொல்லிவிட்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு ஓதி ஊதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். நான் எதற்காக அழுதேன் என்று யாரும் கேட்கவில்லை. பயந்த பிள்ளைக்குச் செய்யவேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் சவூதியில் தியேட்டர் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்தேன். வாப்பா காலமாகி அதற்குள் பல காலம் ஆகியிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் கிடங்கில் அவர் எப்படி இருந்தார், யாரோடு தங்கினார், லீவு நாளில் என்ன செய்தார் என்று எதுவுமே எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் கதைதான். கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டே அடுத்த வாரத்துக்கு யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

படம் பார்த்த அந்த வார வெள்ளிக்கிழமை, அஸர் நேரத்தில் போன் வந்தது. வழக்கத்துக்கு மாறாக உம்மா முதலில் எடுத்துவிட்டாள். எடுத்ததுமே புகார்தான். உங்க மக படத்துக்குப் போயி அழுது ஊரக் கூட்டிட்டா, எல்லாம் நீங்க கொடுத்த எடம் என்று சொல்லி முடித்து, என்னிடம் போனை நீட்டினாள். நீட்டிவிட்டு, சுருக்கப் பேசிட்டுக் குடு என்று பக்கத்திலேயே நின்றாள்.

நான் காதில் வைத்தேன். ரொம்ப நேரம் வெறும் இரைச்சல். படிக்கிறியா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"படம் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

வாப்பா தொண்டையைக் கனைத்தார். அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது.

"இங்க தியேட்டரே கெடயாதும்மா. நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அத வச்சு நானா சொன்னதுதான் எல்லாம்."

"தெரியும் வாப்பா."

"தெரியுமா? எப்பருந்து?"

"கடைக்காரரு சொன்னாரு. அணக் கதைக்கி முந்துன வாரமே தெரியும்."

நான் சொன்னது எனக்கே ஒருமுறை திரும்பிக் கேட்டது.

"தெரிஞ்சும் ஏம்மா கேட்டுக்கிட்டு இருந்த?"

உம்மா பக்கத்தில் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"அணைய தாங்கிக்கிட்டு நிக்கிறாரு" என்றேன். "மிச்சத்த சொல்லுங்க வாப்பா."